"படம் அனுப்பு" என்று எழுதிய மாணவன்

(ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஓவிய ஆசிரியர். செவித்திறன் குறையுடைய நம் மாணவர்களில் நன்றாக வரையக்கூடியவர்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஓவியம் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். ஆனால் நான் அதிகம் பேசப்போவது வினைமுற்று பற்றி. அதற்குக் காரணம் இருக்கிறது.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன். பிறவியிலேயே காது கேளாதவன். ஊர்த் தேரை ஒருமுறை நின்று பார்த்துவிட்டு வந்தால், மறுநாள் சக்கரத்தின் ஆணி வரை பிசகாமல் வரைவான். ஆனால் தமிழ் வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைத் தேடி வந்துவிடுவான். நானும் தமிழாசிரியையிடம், "விடுங்க டீச்சர், அவனுக்குக் கை இருக்கு, அது போதும்" என்று சொல்லி ஓவிய அறைக்கு அழைத்துப் போய்விடுவேன். அன்பினால்தான் செய்தேன். அது தவறு என்று எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின.

படிப்பை முடித்தபின் அவன் ஒரு விளம்பரப் பலகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். இரவில் படம் வரைவான். அவற்றைக் கைபேசியில் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட ஆரம்பித்தான். ஒரு நாள் மாலை என் வீட்டுக்கு வந்து கைபேசியை நீட்டினான். வெளியூர் அம்மையார் ஒருவர் அவனுடைய தேர் ஓவியத்தை விலை கேட்டிருக்கிறார். இவன் விலையைச் சொல்லிவிட்டு, "பணம் அனுப்பு. நாளை படம் அனுப்பு" என்று எழுதியிருக்கிறான். "யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து பேசுங்கள்" என்று அவர் பதில் எழுதியதோடு சரி, அப்புறம் பேச்சே இல்லை. தான் என்ன தப்புச் செய்தோம் என்று அவனுக்கு விளங்கவில்லை. "நீங்கள் பணம் அனுப்பினால் நாளை படத்தை அனுப்புகிறேன்" என்பதைத்தான் அவன் எழுத நினைத்தான்.

தமிழில் விகுதி இல்லாத வினைப்பகுதி தனியாக நின்றால் அது ஏவல், அதாவது கட்டளை. "அனுப்புகிறேன்", "அனுப்புங்கள்" என்பதில் உள்ள "கிறேன்", "ங்கள்" ஆகியவற்றைக் கேட்கும் குழந்தை பள்ளிக்கு வருமுன்பே ஆயிரக்கணக்கான தடவை காதால் வாங்கிவிடுகிறது. இவன் வாங்கவில்லை. அவனுடைய சைகை மொழியில் "அனுப்பு" என்ற சைகை போகும் திசையே, யார் யாருக்கு அனுப்புகிறார் என்பதைக் காட்டிவிடும். மரியாதையை முகம் காட்டிவிடும். அவனிடம் இலக்கணம் இல்லாமல் இல்லை. அது கையிலும் முகத்திலும் இருக்கிறது. எழுத்தில் நாம்தான் அவனுக்கு அதைக் கொடுக்காமல் விட்டோம்.

இனி இணையக் கடைக்கு வருகிறேன். முன்பெல்லாம் ஓவியம் விற்க ஓவியக் கூடம், கண்காட்சி, தரகர் வேண்டும். எல்லா இடத்திலும் பேச்சு வேண்டும். எட்டு வயதில் கேட்கும் திறனை இழந்த சதீஷ் குஜ்ரால் நாட்டின் பெரிய ஓவியர்களில் ஒருவராகி 1999-இல் பத்ம விபூஷண் பெற்றார். அவருக்குக் கிடைத்த கூடங்களும் அறிமுகங்களும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. இணையக் கடையில் வாய்ப்பேச்சு தேவையில்லை. அதுதான் பெரிய மாற்றம்.

இந்தக் கடைகள் பலவகை. 2005-இல் அமெரிக்காவில் தொடங்கிய எட்ஸி போன்ற பொதுச் சந்தையில் கைவினைஞர் தம் பொருளுக்கு ஓர் இடம் பிடித்துக்கொள்ளலாம். அங்கே ஒரு பொருளைப் பட்டியலிட 20 சென்ட். விற்றால் ஆறரை சதவீதம் கழிவு. பணம் பெற்றுத் தருவதற்குத் தனிக் கட்டணம். 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ரெட்பபிள் போன்றவை இன்னொரு வகை. படத்தின் கோப்பைக் கொடுத்தால் போதும்; பனியனிலோ கோப்பையிலோ அச்சிட்டு அவர்களே அனுப்பி, ஓவியருக்கு உரிய பங்கைத் தருவார்கள். மூன்றாவது வகை, சொந்த இணையதளம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் தொடங்குவது நான்காவது வகையில்: இன்ஸ்டாகிராமில் படம், வாட்ஸ்அப்பில் பேச்சு, யுபிஐயில் பணம்.

சந்தைத் தளங்களில் விற்கச் சட்டமும் கொஞ்சம் வழிவிட்டிருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்பனை ஜிஎஸ்டி வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர்கள், தம் மாநிலத்துக்குள் மட்டும் விற்பதானால், ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்று அத்தளங்களில் பொருள் விற்கலாம். பிளஸ் டூ வணிகவியல் ஆசிரியர்கள் இதை வகுப்பில் சொல்லலாம்.

வெளிநாட்டில் காது கேளாத ஓவியர்கள் இதில் வெகுதூரம் போயிருக்கிறார்கள். வாஷிங்டனில் உள்ள காலடெட் பல்கலைக்கழகத்தில் 1989-இல் பெட்டி மில்லர், சக் பேர்ட் உள்ளிட்ட ஓவியர்கள் கூடி, காது கேளாதோர் வாழ்வைக் காது கேளாதோர் கண்ணால் காட்டும் ஓவியத்துக்கு டெவியா என்று பெயர் வைத்தார்கள். அந்த வழியில் வரையும் நான்சி ரூர்க், சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய வண்ணங்களை அழுத்தமாகப் பயன்படுத்துபவர்; தம் ஓவியங்களை இணையதளத்தின் வழியே விற்கிறார்.

வாய்ப்பேச்சை விட்ட கடை அதற்குப் பதிலாக எதைக் கேட்கிறது? எழுத்தைக் கேட்கிறது. என் மாணவனோடு உட்கார்ந்தபோதுதான் எனக்கு இது தெரிந்தது. படத்தின் அளவு என்ன, எந்தத் தாளில் வரைந்தது, வண்ணம் நீரில் கரையுமா, எத்தனை நாளில் வந்து சேரும், உடைந்து வந்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் எழுதியே சொல்ல வேண்டும்.

கணக்கும் வேண்டும். தேர் ஓவியத்துக்கு அவன் வைத்த விலை 600 ரூபாய். பலகையும் வண்ணமும் 150, பெட்டியும் உறையும் 40, கூரியர் 90. சந்தைத் தளத்தில் போட்டு அவர்கள் பத்து சதவீதம் எடுத்தால் 60. மீதி 260. வேலை எட்டு மணி நேரம். மணிக்கு 32 ரூபாய் 50 காசு. போட்டுக் காட்டியதும் சிரித்துவிட்டு விலையை அழித்தான். இன்னொரு கணக்கும் உண்டு. பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதையும் எடையாகக் கொள்வார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். 50, 40, 10 அளவுள்ள பெட்டி ஒரு கிலோதான் இருந்தாலும் நான்கு கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். கன அளவுப் பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது.

நான் அன்று கூட்டிக்கொண்டு போய் விட்டது அதே தமிழாசிரியையிடம்தான். அவர் பழசைச் சொல்லிக் காட்டவில்லை. கடையில் அடிக்கடி தேவைப்படும் பத்து வாக்கியங்களை அவனோடு சேர்ந்து எழுதினார். "அனுப்பு, அனுப்புங்கள், அனுப்புகிறேன், அனுப்பிவிட்டேன்" என்று நான்கு அட்டைகள் செய்து, ஒவ்வொன்றுக்கும் அவனையே படம் வரையச் சொன்னார். யார் கையில் பெட்டி இருக்கிறது என்பதை வைத்து அவன் விகுதியைப் புரிந்துகொண்டான். முன்பு வகுப்பிலேயே செய்திருக்கலாம், அரை மணி நேர வேலை.

தன் பக்கத்தின் மேலே முதல் வரியாக அவன் இப்போது எழுதியிருப்பது: "எனக்குக் காது கேட்காது. அழைக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்." கூரியர்காரர்கள் போனில் அழைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன தொல்லை இதனால் குறைந்திருக்கிறது. அதைப் பார்த்து இரக்கப்பட்டு வாங்குகிறவர்களும் உண்டு. அதுபற்றிக் கேட்டேன். அப்படி வாங்குகிறவர்கள் மறுபடி வருவதில்லை, படம் பிடித்து வாங்குகிறவர்கள்தான் வருகிறார்கள் என்று சைகையில் சொன்னான்.

ஆசிரியப் பெருமக்களே, செவித்திறன் குறையுடைய மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு உண்டு. அது அவர்களுக்கு உரிய சலுகை, இருக்க வேண்டும். ஆனால் தேர்வுக்குத் தந்த விலக்கை நாம் வகுப்புக்கும் சேர்த்துத் தந்துவிடுகிறோம். நான் அதைச் செய்தவன். வாழ்க்கையில் அந்த விலக்கு கிடைப்பதில்லை.

உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், வாரம் ஒருமுறை அவன் வரைந்த படத்துக்கு மூன்று வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். இது என்ன, எவ்வளவு பெரியது, எப்படிச் செய்தேன். பிழையைத் திருத்தும்போது சிவப்பு மையால் சுழிக்காமல், படம் போட்டு வேறுபாட்டைக் காட்டுங்கள். சிறப்பு ஆசிரியர் வரும் நாளில் பத்துச் சைகைகளை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். டெல்லியில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் பத்தாயிரம் சொற்களுக்குச் சைகை அகராதி வெளியிட்டிருக்கிறது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

நேற்று இரவு அவனிடமிருந்து எனக்கொரு செய்தி வந்தது: "சார், உங்கள் பள்ளி சுவர் படம் நான் வரைகிறேன். ஞாயிறு வருவேன். நீங்கள் பெயிண்ட் வாங்குங்கள்." பள்ளிக்கு ஒற்று மிகவில்லை, சுவருக்கு வேற்றுமை உருபு இல்லை. ஆனால் யார் வரைவது, யார் வாங்குவது என்பதில் சந்தேகமே இல்லை. பெயிண்ட் வாங்கி வைத்துவிட்டேன்.