வில்லை வாங்கினோம், கணக்குக் கேட்டோமா?

(அறந்தாங்கியில் ஜமாஅத் நிர்வாகிகளும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரமலான் நெருங்கினால் நம் வீட்டுக் கதவைத் தட்டும் கைகள் பெருகிவிடும். காசநோய் ஒழிப்பு, நுரையீரல் பாதுகாப்பு என்ற பெயரில் ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர்களும் அவர்களில் உண்டு. இவர்களுக்குக் கொடுக்கலாமா, கூடாதா என்று சில நிர்வாகிகள் என்னிடம் கேட்டார்கள். கொடுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் பார்த்துக் கொடுங்கள். எதைப் பார்ப்பது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் வகுப்பு ஆசிரியர் காசநோய் வில்லைகளைக் கொண்டுவருவார். ஆளுக்கொன்று வாங்கி நோட்டின் அட்டையில் ஒட்டிக்கொள்வோம். அந்த வில்லைக்குப் பெரிய வரலாறு உண்டு. 1904-ல் டென்மார்க்கில் ஐனார் ஹோல்பெல் என்ற அஞ்சல் ஊழியர் தொடங்கி வைத்த வழக்கம் அது. சில்லறைக் காசு சேர்த்தே பெரிய காரியம் செய்யலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. நம் நாட்டில் 1939-ல் உருவான இந்தியக் காசநோய்ச் சங்கம் அந்த வழியில் வில்லை விற்று நிதி திரட்டியது. நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் காசு யாருக்கு மருந்தானது, யாருக்குச் சோறானது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

'பயனடைந்தோர்' என்றால் யார்?

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு கடல் தொழிலாளி இருந்தார். ஒரு தொண்டு நிறுவனம் முகாம் நடத்தி அவருக்கு எக்ஸ்ரே எடுத்தது. காசநோய் என்று தெரிந்தது. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசமாகக் கிடைத்தது. இரண்டாம் மாதம் இருமல் நின்றதும் படகேறிவிட்டார். ஏன் மாத்திரையை நிறுத்தினாய் என்று கேட்க யாரும் வரவில்லை. மறு வருடம் அவர் மவுத்தாகிவிட்டார். அவர் மனைவி இன்று இறால் கம்பெனி வேலைக்குப் போகிறார்.

சகோதரர்களே! அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் 'முகாமில் பயனடைந்தோர்' என்று ஓர் எண் இருந்தது. அந்த எண்ணுக்குள் இவரும் ஒருவர்!

ஆகவே முதல் கேள்வி இதுதான்: எத்தனை பேருக்கு முகாம் நடத்தினீர்கள் என்று கேட்காதீர்கள்; நீங்கள் கண்டுபிடித்த நோயாளிகளில் எத்தனை பேர் ஆறு மாதச் சிகிச்சையை முடித்துக் குணமடைந்தார்கள் என்று கேளுங்கள். இந்த நாட்டின் காசநோய்த் திட்டம், சளியில் கிருமி காணப்பட்ட புதிய நோயாளிகளில் நூற்றுக்கு 85 பேராவது குணமாக வேண்டும் என்று இலக்கு வைத்து நடந்தது. அந்த அளவுகோல் தொண்டு நிறுவனத்துக்கும் பொருந்தும். பதிவேடு வைத்திருப்பவர் உடனே சொல்லிவிடுவார். சுற்றி வளைத்துப் பேசினால் புரிந்துகொள்ளுங்கள்.

நம் மாவட்டத்தில் கல் குவாரிகளிலும் கிரஷர்களிலும் வேலை செய்வோர் ஏராளம். கல்தூசி படிந்த நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து கிடையாது. காசநோயும் அதில் எளிதில் ஏறிக்கொள்ளும். அங்கே போய் முகக்கவசம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது மட்டும் சேவை ஆகாது. தூசி எழாமல் தண்ணீர் தெளிக்க வைத்தார்களா, நோய் கண்டவருக்கு இழப்பீடு கேட்டு மனுப் போட்டுக் கொடுத்தார்களா என்று விசாரியுங்கள்.

சென்னை சொன்ன பாடம்

ஒரு காலத்தில் காசநோய்க்குச் சானடோரியம்தான் வழி, கட்டடமும் கட்டிலும் காற்றும் வேண்டும் என்று மருத்துவ உலகமே நம்பியது. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி மையம் அதைச் சோதித்துப் பார்த்தது. நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில். மறுபகுதியினர் நெருக்கடியான தங்கள் ஏழை வீடுகளில். இருவருக்கும் ஒரே மருந்து. 1959-ல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். உலகமே தன் திட்டத்தை மாற்றிக்கொண்டது. கட்டடத்தைவிட, வீடு தேடிப்போய் மாத்திரையைத் தொடர வைக்கும் ஆள் முக்கியம் என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

எனவே, "கட்டட நிதி" என்று வருகிறவரிடம் இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள்: அரசு இலவசமாகக் கொடுப்பதற்கு எங்கள் காசு எதற்கு? காசநோய் மருந்து இலவசம். சளிப் பரிசோதனை இலவசம். சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் போடப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய். பிறகு எங்கே இடைவெளி? பஸ் காசில் இருக்கிறது. வேலை இழந்த வீட்டின் அடுப்பில் இருக்கிறது. வங்கிக் கணக்கு இல்லாத கிழவியிடம் இருக்கிறது. அங்கே செலவழிக்கிற நிறுவனமே நம் காசுக்கு உரியது.

சோறும் மருந்துதான் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஜார்கண்டில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. நோயாளியின் குடும்பத்தினருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு கொடுத்தார்கள். கொடுக்காத குடும்பங்களோடு ஒப்பிட்டால், அந்தக் குடும்பத்தினரிடையே புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. அரிசியும் பருப்பும் கொடுக்க நமக்குத் தெரியாதா என்ன?

சம்பளம் கொடுப்பது பாவமா?

அடுத்து வரவு செலவு. "சம்பளத்துக்கே பாதி போய்விட்டது" என்று நம்மவர்கள் கோபப்படுவார்கள். நிதானமாகப் பாருங்கள். மணமேல்குடியிலும் கோட்டைப்பட்டினத்திலும் வீடு வீடாகப் போய் நோயாளியைப் பார்க்கிற பெண்ணுக்குக் கொடுக்கும் சம்பளம் வீண்செலவா? அவர்தானே அந்தத் திட்டமே! ஜகாத் பெற உரியவர்களாக இறைவன் குறிப்பிட்ட எட்டு வகையினரில், அதை வசூலித்து நிர்வகிப்பவர்களும் ஒரு வகையினர் அல்லவா? உழைப்பவருக்குக் கூலி உண்டு. ஆனால் அலுவலகக் கார், விழா, விளம்பரம் ஆகியவை சேவையின் பெயரில் எழுதப்பட்டிருந்தால் அது வேறு விஷயம். வெளிநாட்டு நிதி பெறும் நிறுவனங்கள் அந்த நிதியில் நிர்வாகத்துக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் செலவிடக் கூடாது என்று 2020-ல் சட்டமே திருத்தப்பட்டது. முன்பு அது 50 ஆக இருந்தது.

ஒரு வருடக் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். மூன்று வருடத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். வங்கியில் வைப்புத்தொகை வருடா வருடம் ஏறி, நோயாளிகளுக்கான செலவு அப்படியே நின்றால் காரணம் கேளுங்கள். நிர்வாகியின் சொந்தக்காரர் கட்டடத்துக்கு வாடகை போகிறதா என்று பாருங்கள். பிறகு அந்தக் கணக்கையும் நோயாளிப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒன்றை மட்டும் படித்தால் ஏமாந்துபோவோம். கணக்குச் சுத்தமாக இருந்தும் ஒருவரும் குணமாகாத நிறுவனம் உண்டு. உண்மையாகப் பாடுபட்டும் கணக்கு எழுதத் தெரியாத நிறுவனமும் உண்டு. முன்னவருக்கு நம் பணம் வேண்டாம். பின்னவருக்குப் பணத்தோடு ஒரு கணக்கரையும் அனுப்பி வையுங்கள்.

கேட்பது அவமரியாதை என்று தயங்காதீர்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள் என்பதைப் பற்றியது. நம்பிக்கையுள்ள மக்களுக்குத்தான் அந்தக் கட்டளை வந்தது.

கடைசியாக ஒன்று. பிறரிடம் கணக்குக் கேட்கிற நாம், நம் பைத்துல்மால் கணக்கைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டியிருக்கிறோமா? முதலில் அதைச் செய்வோம். பிறகு ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் ஊரில் சிகிச்சையில் இருப்பவர்கள், எந்தச் சமயத்தவராயினும், அவர்களின் சம்மதத்தோடு ஆறு மாதம் பொறுப்பேற்கட்டும். பெயர் வெளியே தெரிய வேண்டாம். மாத்திரை முடிந்ததா, அடுப்பு எரிந்ததா என்று பார்த்தால் போதும்.

அந்தக் கடல் தொழிலாளியின் வீட்டுக் கதவை இரண்டாம் மாதத்தில் ஒருவர் தட்டியிருந்தால் அவர் இன்று இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும். நம் காசு அந்தக் கதவுவரை போகிறதா என்று பார்ப்போம். அதற்கு அல்லாஹ் நமக்குத் துணை நிற்பானாக. வஸ்ஸலாம்.