இருண்ட மாதங்களும் ஊரார் கடமையும்



குளிர்கால மனச்சோர்வைக் குறித்து ஆராயக் கூடியிருக்கும் இச்சபையில் அக்கிராசனம் வகிக்குமாறு என்னைப் பணித்த உங்கள் அன்புக்கு முதற்கண் என் வந்தனம்.

1984-இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் ரோசந்தாலும் அவருடைய சகாக்களும், இலையுதிர்காலம் பிறந்ததும் உறக்கம் மிகுந்து, மாவுப் பண்டங்களில் நாட்டம் பெருகி, எடுத்த காரியத்தில் உற்சாகம் குன்றி, வசந்தம் வந்ததும் தெளிவடையும் நோயாளிகளை ஆராய்ந்து விவரித்த பின்னரே இத்துன்பம் ஒரு தனி வியாதியாகச் சாஸ்திர உலகில் இடம்பெற்றது. ஆயினும் அதற்கு நெடுநாள் முன்பே, 1898-இல், அண்டார்ட்டிக்கப் பனியில் அகப்பட்டு ஏறத்தாழ 70 நாள் சூரியனைக் காணாதிருந்த ‘பெல்ஜிகா’ கப்பலில், வைத்தியர் பிரெடரிக் குக் என்பவர், சித்தம் தளர்ந்த மாலுமிகளை ஆடை களைந்து அடுப்புத் தீயின் எதிரே நிற்கச் செய்தும், சீல், பெங்குவின் ஆகியவற்றின் இறைச்சியை உண்ணுமாறு வற்புறுத்தியும் சிகிச்சை செய்தார். அவர்களுடைய நலிவில் ஸ்கர்வி நோய்க்கும் பங்கிருந்தமையால், எதனால் எது தீர்ந்தது என்று பிரித்துரைப்பது அரிது. எனினும் தளர்ந்தவனைக் கோழையென்று பழியாமல், அவன் இழந்திருந்த ஒளிக்கு ஈடு தேடிய அந்த விவேகத்தை நாம் போற்றாதிருக்க முடியாது.

கண்ணில் விழும் காலை ஒளி, உறக்கத்தையும் விழிப்பையும் நெறிப்படுத்தும் மூளைக் கடிகாரத்தைத் திருத்தி வைப்பதையும், இரவில் சுரக்கும் மெலடோனினை அடக்குவதையும் இன்று அறிவோம். சாதாரண வீட்டு விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ் அளவுக்கு மேற்செல்வது அபூர்வம். ஆகையால்தான் 10,000 லக்ஸ் விளக்கின் முன் காலையில் அரைமணி நேரம் அமருமாறு வைத்தியர்கள் விதிக்கின்றனர். கண்ணோய் உடையவர்களும், மனவெழுச்சி நோய்க்கு ஆளானவர்களும் வைத்தியரைக் கலவாமல் இதை மேற்கொள்ளலாகாது. எண்ணப்போக்கைத் திருத்தும் பேச்சுச் சிகிச்சையும் பயன் தருகிறது.

ஆனால் இவையனைத்தும் தனிமனிதனின் அறைக்குள் நிகழும் பரிகாரங்கள். ஊர் செய்யவேண்டியது யாது என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் வினா. நார்வே தேசத்தில் ரியூக்கன் என்னும் பள்ளத்தாக்கு நகரம், செப்டம்பர் இறுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை மலைநிழலில் ஆழ்ந்து கிடப்பது. அங்கே தொழில் நடத்திய நார்ஸ்க் ஹைட்ரோ கம்பெனியார், ஊரார் மலைமேல் ஏறிக் குளிர்கால வெயிலை அனுபவிக்கும்பொருட்டு, 1928-இல் கம்பிவட ஊர்தி ஒன்றை அமைத்து வழங்கினர். 1913-இலேயே அவ்வூரில் எழுந்த ஒரு கனவு நூறாண்டு கழித்து, 2013-இல் நிறைவேறியது. நகருக்கு மேலே சுமார் 450 மீட்டர் உயரத்தில் நாட்டிய மூன்று கண்ணாடிகள் சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பி, சந்தைச் சதுக்கத்தில் வெயிலை வீழ்த்துகின்றன. குடிநீரைப்போல வெயிலையும் ஊர்ப்பொதுவாகக் கருதிய இச்செயலே, பிணிப்பட்டவனின் நாணத்தைப் போக்கும் முதல் மருந்தென்பது என் துணிபு.

அத்தேசத்தின் வடகோடியான ஃபின்மார்க்கில், ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியன் உதியாத மீன்பிடி ஊர்களின் பதன ஆலைகளில், 1980-களில் இலங்கைத் தமிழர் பலர் சென்று உழைத்தனர் என்பதையும் நினைவூட்டுகிறேன். பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக அமைந்த நாட்டில் வளர்ந்தோர் அவ்விருளை எவ்வாறு தாங்கினர் என்பது நம் மொழியில் பதிவாகவேண்டிய அனுபவம்.

ஆகவே வைத்தியர்கள் நோயின் வேறுபாடுகளை ஆராய்க. கட்டடக் கலைஞர்கள் பள்ளிக்கும் ஆலைக்கும் காலை வெளிச்சம் புகும் வழியைக் கூறுக. நிர்வாகிகள் வேலைநேரத்தின் நடுவே, பகல் குறுகிய மாதங்களில், வெளியே உலவ அவகாசம் அளிக்கும் விதியை வகுத்துரைக்க. இவற்றுள் ஒன்றேனும் இச்சபையின் தீர்மானமாக வெளிவரவேண்டுமென்று கேட்டு, முதற் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.