எங்கும் போகாத ரோட்டு யாருக்கு?

(எங்கள் நலன்புரி நிதியத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்னைக்கு ரோட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறோம். "ரோட்டைப் பத்திப் பேச என்ன இருக்கு, போட்டுத் தந்தா போதாதா?" என்று நீங்கள் கேட்பது எங்களுக்குக் கேட்கிறது. போட்டுத் தர மாட்டேன் என்கிறவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள் என்பதைத் தெரிந்து கொண்டால்தானே நாம் பதில் சொல்ல முடியும்?

கொஞ்ச காலத்துக்கு முன்னே ஒரு தோட்டத்தின் கீழ் டிவிசன் ஆட்களோடு நாங்களும் சேர்ந்து ஓர் அலுவலகத்துக்குப் போனோம். மூன்று கிலோமீட்டர் ரோட்டைத் திருத்தித் தரச் சொல்லி மனு. அங்கே இருந்த ஐயா நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார். வரைபடத்தை விரித்துப் பார்த்தார். பிறகு, "இந்த ரோட்டு எங்கயும் போகல்லையே, லயத்தோட முடிஞ்சிருதே, இதுக்கு எப்பிடிக் காசு ஒதுக்குறது?" என்றார். எங்களுக்கு வாய் அடைத்துவிட்டது. கூட வந்திருந்த ஒரு அம்மாதான் சொன்னாங்க: "ஐயா, ஒங்களுக்கு அது முடியிற எடம். எங்களுக்கு அதுதான் தொடங்குற எடம்."

அந்த மூன்று கிலோமீட்டர் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த ஐயா கேட்ட கேள்வி எங்களை விடவில்லை. எங்கும் போகாத ரோட்டு என்று ஒன்று உண்டா? அப்படிப்பட்ட ரோட்டுக்கு ஓர் அரசாங்கம் பணம் செலவழிக்கலாமா? உலகத்தில் வேறு யாரும் இதற்குப் பதில் கண்டிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தோம். நிறையப் பதில் கிடைத்த இடம் அமெரிக்கா.

அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தமாக நெடுஞ்சாலைகள் உண்டு. மாநிலத்துக்குக் கீழே கவுண்டி என்று ஒரு பிரிவு, நம்ம மாவட்டம் மாதிரி. மாநில நெடுஞ்சாலை என்றதும் பட்டணத்துக்குப் பட்டணம் ஓடுகிற பெரிய ரோட்டைத்தான் நாம் நினைப்போம். ஆனால் அந்த நாட்டு வரைபடத்தை உற்றுப் பார்த்தால், நம்பர் போட்ட மாநில ரோட்டுகள் சில இரண்டு மைல், மூன்று மைல் போய் வயல்வெளியில் நின்றுவிடும். அங்கே பட்டணமும் இல்லை, சந்தையும் இல்லை. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். "இது எதுக்கு மாநில நெடுஞ்சாலை?" என்று அந்த நாட்டு ஆட்களே கேட்கிறார்கள்.

மிசூரி என்ற மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பெரிய ரோட்டுக்கு நம்பர், சின்ன ரோட்டுக்கு எழுத்து. ஏ, பி, சி என்று தொடங்கி, எழுத்து போதாமல் ஏஏ, பிபி என்று இரட்டை எழுத்தும் வைத்திருக்கிறார்கள். 1952ல் அந்த மாநிலம் ஒரு திட்டம் போட்டது. கவுண்டிகள் கையில் இருந்த கிராமத்து ரோட்டுகளில் ஏறக்குறைய 12,000 மைலை மாநிலமே பொறுப்பெடுப்பது என்று முடிவு. அதற்கு வைத்த இலக்கைக் கவனியுங்கள். பண்ணை வீடு, பள்ளிக்கூடம், தேவாலயம், கல்லறை, கடை இவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல், மாநிலம் பராமரிக்கும் ஒரு ரோட்டுக்கு இரண்டு மைலுக்குள் இருக்க வேண்டும். எத்தனை வாகனம் போகுது என்று எண்ணி மட்டும் ரோட்டுப் போடவில்லை. மனிதன் இருக்கும் இடத்திலிருந்து ரோட்டு எவ்வளவு தூரம் என்று அளந்தார்கள். செத்தவரைக் கொண்டு போகும் இடத்தையும் சேர்த்தல்லவா எண்ணியிருக்கிறார்கள்! வரைபடத்தில் வீணாகத் தெரிகிற எழுத்து ரோட்டு, அதன் கோடியில் இருக்கும் பண்ணைக்காரனுக்கு உயிர்நாடி.

டெக்சாஸ் மாநிலத்தில் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். "பண்ணையிலிருந்து சந்தைக்கு" என்பதுதான் அந்த ரோட்டின் பெயர். அறிவிப்புப் பலகையில் சுருக்கமாக எஃப்.எம். என்று போட்டுப் பக்கத்தில் நம்பர் இருக்கும். முதலாவது ரோட்டு 1937ல் முடிந்தது. மவுண்ட் என்டர்பிரைஸ் என்ற சின்ன ஊரிலிருந்து ஷைலோ என்ற இடம் வரை, 5.8 மைல். அவ்வளவுதான். 1949ல் இதற்கென்றே தனிச்சட்டம் கொண்டு வந்து, கிராமத்து ரோட்டுக்குப் பணம் ஒதுக்க வழி செய்தார்கள். இன்றைக்கு இந்த வகை ரோட்டுகள் 40,000 மைலுக்கு மேல். அந்த மாநிலம் பராமரிக்கும் ரோட்டுகளில் சுமார் பாதி இதுதான். பருத்தியும் பாலும் மாடும் மழைக்காலத்திலும் சந்தைக்குப் போனது இதனால்தான். சேற்றில் மாட்டிக்கொண்ட வண்டி எப்படி இருக்கும் என்று கொழுந்து லொறிக்குப் பின்னால் நின்று தள்ளிய உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

சரி, கவுண்டியே பார்த்துக்கொள்ளலாமே, மாநிலம் எதற்கு என்று கேட்கலாம். அதற்கும் காரணம் உண்டு. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கொடிய பொருளாதார மந்தம். கவுண்டிகளிடம் பணம் இல்லை. விவசாயிகளுக்கு நிலவரி கட்ட வழியில்லை. அப்போது வட கரோலினா மாநிலம் 1931ல் கவுண்டி ரோட்டுகளை எல்லாம் தன் பொறுப்பில் எடுத்தது. அடுத்த வருஷம் 1932ல் வர்ஜீனியாவும் பெரும்பாலான கவுண்டிகளில் அப்படியே செய்தது. வட கரோலினா இன்று பராமரிப்பது ஏறக்குறைய 80,000 மைல். வீட்டு வாசலில் முடியும் ரோட்டு கூட அதில் உண்டு. ஏழைப் பகுதி தன் சொந்தக் காசில்தான் ரோட்டுப் போடணும் என்றால், அந்தப் பகுதி என்றைக்கும் ஏழையாகவே இருக்கும். இதை அவர்கள் அந்தப் பஞ்ச காலத்திலேயே கண்டுகொண்டார்கள்.

இதைக் கேட்டு, அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். உண்மையிலேயே அரைகுறையாக நிற்கும் ரோட்டுகளும் உண்டு. கலிபோர்னியாவில் 190 என்ற மாநில நெடுஞ்சாலை இரண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரு துண்டு மலைக்கு மேற்கே, ஒரு துண்டு கிழக்கே. நடுவில் சியரா நெவாடா மலைத்தொடர். மலையைத் தாண்டி இணைப்போம் என்று திட்டம் போட்டார்கள், இணைக்கவே இல்லை. நம்பர் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறது.

நம்பர் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் இல்லை. டெக்சாசில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கனரக லொறிகள் ஓடி ஓடிப் பண்ணை ரோட்டுகள் நொறுங்கின. 2013ல் மாநிலம் என்ன சொன்னது தெரியுமா? எண்பது மைலுக்கு மேல் தார் ரோட்டைத் திரும்பவும் சரளைக்கல் ரோட்டாக மாற்றுவோம் என்றது. ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை, எதிர்த்துப் பேசினார்கள். ரோட்டை வாங்குவது ஒரு போராட்டம் என்றால் அதை வைத்துக்கொள்வது இன்னொரு போராட்டம்.

இன்னும் ஒரு கதை இருக்கிறது. இது நம்ம மலையகத்துக்கு மிக நெருக்கமான கதை.

வட கரோலினாவில் பிரைசன் சிட்டி என்ற ஊருக்கு வெளியே ஒரு ரோட்டு காட்டுக்குள் போகிறது. ஆறேழு மைல் போனதும் ஒரு பெரிய சுரங்கப்பாதை. அதைத் தாண்டினால் ரோட்டு முடிந்தது. அப்புறம் ஒற்றையடிப் பாதையும் மரமும்தான். அதற்குப் பெயரே "எங்கும் போகாத ரோட்டு". பார்க்க வருகிறவர்கள், எந்தப் புத்திசாலி கட்டினான் என்று சிரித்துவிட்டுப் போவார்கள். உள்ளூர் ஆட்களுக்குச் சிரிப்பு வராது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் அங்கே ஃபொன்டானா என்ற அணையைக் கட்டினார்கள். மின்சாரம் தேவை என்றார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் எழும்பிப் போனார்கள். அந்த ஊர்களுக்குப் போன 288ஆம் இலக்க மாநில நெடுஞ்சாலை தண்ணீருக்கடியில் போனது. யுத்தம் முடிந்ததும் புது ரோட்டுப் போட்டுத் தருவோம் என்று 1943ல் அரசாங்கம் ஒப்பந்தம் எழுதியது. ஏனென்றால் அந்த மக்களின் அப்பன் பாட்டனைப் புதைத்த இடங்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்தன. ரோட்டு வேலை இழுத்து இழுத்து நடந்தது. மலையை வெட்டினால் பாறையிலிருந்து வரும் அமிலத்தன்மை ஓடைத் தண்ணீரைக் கெடுக்கிறது என்று 1970களில் வேலை நின்றது. கடைசியில் 2010ல், ரோட்டுக்குப் பதிலாக 5 கோடியே 20 லட்சம் டொலர் அந்தக் கவுண்டிக்குக் கொடுப்பதாக உடன்பாடு ஆனது. 2018ல்தான் அந்தக் கணக்குத் தீர்ந்தது. எழுபத்தைந்து வருஷம்! இன்றைக்கும் அந்தக் குடும்பங்கள் படகில் ஏரியைக் கடந்துதான் கல்லறைக்குப் பூ வைக்கப் போகிறார்கள்.

பழைய மஸ்கெலியா டவுனைத் தண்ணீருக்குக் கொடுத்தவர்கள் நாம். மவுசாக்கலையில் தண்ணீர் வற்றும்போது பழைய கோயில் தலைகாட்டுவதைப் பார்த்திருக்கிறோம். ஆகவே அந்த ரோட்டைக் கண்டு நம்மால் சிரிக்க முடியாது. அது எங்கும் போகாத ரோட்டு அல்ல. போய்ச் சேராத வாக்குறுதி.

இப்போது நம்ம ரோட்டுக்கு வருவோம்.

இலங்கையில் ஏ, பி வகை ரோட்டுகளும் ஈ என்ற அதிவேகப் பாதைகளும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சேர்ந்தவை. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா வரும் ஏ 7ஐ உங்களுக்குத் தெரியும். சி, டி வகை மாகாண சபைக்கு. அதற்குக் கீழே பிரதேச சபை ரோட்டுகள். அதற்கும் கீழேதான் தோட்டத்து ரோட்டு. அதற்கு எழுத்தும் இல்லை, நம்பரும் இல்லை. 1992ல் அரச தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளிடம் போனது. நிலம் அரசாங்கத்தின் பெயரில், நிர்வாகம் கம்பெனியின் கையில். ரோட்டு உடைந்தால் மட்டும் அவங்களைக் கேள், இவங்களைக் கேள் என்று அலைய விடுகிறார்கள்.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டி, சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது என்று பல வருஷம் சொன்னார்கள். சபைக்கு வாக்குப் போட நாம் வேண்டும், ரோட்டுப் போட நாம் வேண்டாம்! 2018ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது தோட்டப் பகுதிக்கும் பிரதேச சபை வேலை செய்யலாம். இது நம்மவர்களில் இன்னும் எத்தனையோ பேருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, உங்கள் டிவிசன் ரோட்டு யாருக்குச் சொந்தம், யார் பராமரிக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு இருக்கிறது. கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். "நாளைக்கு வாங்க" என்ற வாய்ப்பேச்சை விட ஒரு துண்டுக் காகிதம் மேல்.

இரண்டாவது, மிசூரிக்காரர்கள் செய்தது போல நாமும் எண்ணுவோம். எத்தனை வாகனம் போகுது என்று அவர்கள் எண்ணட்டும். எத்தனை குடும்பம், எத்தனை பள்ளிப் பிள்ளைகள், எத்தனை கர்ப்பிணித் தாய்மார், டிஸ்பென்சரி எங்கே, பிள்ளைக்காம்பிரா எங்கே, கோயில் எங்கே, சுடுகாடு எங்கே, பிரதான ரோட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நாம் எண்ணி எழுதுவோம். மனுவோடு அதையும் சேர்த்துக் கொடுப்போம். படித்த இளைஞர்களே, இது உங்கள் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

மூன்றாவது, ரோட்டைத் திருத்தித் தாங்க என்று மட்டும் கேட்காதீர்கள். ரோட்டைப் பொறுப்பெடுத்துப் பதிவேட்டில் சேருங்க என்று கேளுங்கள். தேர்தலுக்கு முன்னே போட்ட தார் இரண்டு மழையில் போய்விடும். பதிவேட்டில் ஏறினால், அடுத்த வருஷமும் வந்து பார்க்க ஒருவருக்குக் கடமை உண்டு.

அந்த அலுவலகத்துக்கு நாங்கள் மறுபடியும் போகப் போகிறோம். இந்த முறை வாயடைத்து நிற்க மாட்டோம். "இந்த ரோட்டு எங்க போவுது?" என்று அந்த ஐயா கேட்டால், கீழ் டிவிசனின் கணக்கை மேசையில் வைத்து, "இத்தனை பேர் வீட்டுக்குப் போவுதுங்க" என்று சொல்லுவோம். அந்த அம்மாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாங்க. உங்கள் டிவிசன் கணக்கையும் எழுதி எடுத்து வாருங்கள். சேர்ந்தே போவோம்.