கார் லைசென்சில் லாரி ஓட்டலாமா?

(முதுநகரில் ஓட்டுநர் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



துறைமுகமும் சிப்காட்டும் உள்ள ஊர் இது. ஸ்டியரிங்கை நம்பி அடுப்பெரியும் வீடுகள் நம்மிடையே ஏராளம். ஆனால், 'உன் லைசென்சில் என்ன எழுதியிருக்கிறது?' என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஜமாஅத்துக்கு ஒரு பிரச்சினை வந்தது. ஒற்றை லாரி வைத்துப் பிழைத்தவர் ஒருவர். டிரைவருக்குக் காய்ச்சல் என்று கிளீனர் தம்பியைச் சிதம்பரத்துக்கு லோடு ஏற்றி அனுப்பினார். புதுச்சத்திரம் அருகே சைக்கிளில் வந்த கூலித் தொழிலாளி அடிபட்டு இறந்தார். தம்பிக்கு ஓட்டத் தெரியும். ஆனால் கையில் இருந்ததோ கார் லைசென்ஸ்! இன்சூரன்ஸ் கம்பெனி இறந்தவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுத்தது. கொடுத்த பணத்தை லாரிக்காரரிடம் வசூலிக்க உத்தரவும் வாங்கியது. லாரி போனது, வீடும் போனது.

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் நடுத்தர, கனரகச் சரக்கு, பயணி வண்டிகள் என்று நான்கு தனி வகுப்புகள் இருந்தன. 1994 திருத்தம் அவற்றை நீக்கி, 'போக்குவரத்து வாகனம்' என்று ஒரே வகுப்பாக்கியது. அதனால் வாடகை வேனுக்கும் அந்த வகுப்பு வேண்டுமா என்ற குழப்பம் பிறந்தது. 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைத் தீர்த்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டியை, வாடகை வண்டியானாலும், இலகுரக லைசென்சிலேயே ஓட்டலாம். 'குட்டி யானை' ஓட்டும் தம்பிகள் நிம்மதியாக இருக்கலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள்! மொத்த எடை என்பது காலி வண்டியின் எடை அல்ல. அனுமதிக்கப்பட்ட பாரமும் சேர்ந்தது. அது ஆர்.சி.யில் இருக்கும். 7,500 கிலோவைத் தாண்டினால் ஹெவி லைசென்ஸ் கட்டாயம்.

அதைப் பெற 20 வயது நிரம்ப வேண்டும். இலகுரக லைசென்ஸ் வாங்கி ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். மருத்துவச் சான்றும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிச் சான்றும் வேண்டும். எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற விதி 2019இல் எடுக்கப்பட்டுவிட்டது. படிப்பைப் பாதியில் விட்ட தம்பிகளே, 'நமக்குக் கிடைக்காது' என்று இனியும் ஒதுங்கி நிற்காதீர்கள்! ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மட்டும் மறவாதீர்கள்.

சிப்காட்டுக்கு ஆசிட் டேங்கர் ஓட்டுவோருக்கு ஹெவி மட்டும் போதாது. அபாயகரமான சரக்குக்குரிய பயிற்சியை முடித்து, லைசென்சில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். ஏன்? டேங்கரின் மேல் எழுதியிருக்கும் எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாதவர், அது கவிழ்ந்தால் ஊராருக்கு என்ன சொல்வார்?

வளைகுடா செல்லும் கனவில் இருப்போருக்கும் ஒரு சொல். துபாயில் கார், கனரக லாரி, பெரிய பஸ் எல்லாம் தனித்தனி வகுப்பு. நம்மூர் ஹெவி லைசென்சைக் காட்டி அங்கே லாரியில் ஏறிவிட முடியாது. ஏஜெண்டின் பேச்சை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்!

முதலாளிமார்களே! தகுதியான லைசென்ஸ் இல்லாதவரிடம் சாவியைக் கொடுப்பது உங்கள் குற்றமும்தான். 2019 திருத்தப்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்தக் கிளீனர் தம்பியை லைசென்ஸ் எடுக்க வைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவு எவ்வளவு? இழந்தது எவ்வளவு? எண்ணிப் பாருங்கள்.

சாலையில் போகிறவர் உயிர் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர் எந்த மதத்தவர், எந்த ஊர்க்காரர் என்று சக்கரத்துக்குத் தெரியாது. இன்றிரவே லைசென்சையும் ஆர்.சி.யையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லையா? நாளை வண்டி எடுக்காதீர்கள், ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போங்கள். கட்டணம் கட்ட வழியில்லாத தம்பிகள் ஜமாஅத்தில் வந்து சொல்லுங்கள். கூடி வழி காண்போம், இன்ஷா அல்லாஹ்.