கொழுந்து பறிக்கும் கையைப் பழக்குவது எப்படி?

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பொழுது புலர்ந்ததும் தோட்டத் தொழிலாளர் பெரட்டுக்களத்தில் கூடுகின்றனர். பெயர் பதிந்த பின் பெண்கள் கூடையுடன் மலையேறி, ஆளுக்கொரு நிரையாக நின்று கொழுந்து பறிக்கத் தொடங்குகின்றனர். தூரத்திலிருந்து நோக்குவோர் அதனை எளிய வேலை என்றே எண்ணுவர். உண்மையில் அது பழகிப் பெறவேண்டிய ஒரு கலையாகும்.

இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது அதன் பாலபாடம். முற்றிய இலை கலந்தால் தேயிலையின் தரம் குன்றும். பருவம் வராத தளிரைக் கிள்ளினால் செடி நலியும். பறித்ததைக் கைக்குள் இறுக்கினால் கொழுந்து கசங்கிச் சூடேறி, தொழிற்சாலையை அடையுமுன்பே பழுதாகிவிடும். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நான்கரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஆதலின் கையில் நேரும் சிறு பிழையும் பெருநட்டமாக முடியும்.

இக்கலையை ஏட்டால் கற்பித்தல் இயலாது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தம் பங்களாத் தாழ்வாரத்திலேயே இலையை உருட்டிச் செய்துபார்த்தே தொழிலைக் கற்றார். 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் எத்துணை நுட்பங்களை ஆராய்ந்து கூறினும், அவை மலைக்கு வந்துசேர்வது அனுபவம் மிக்க ஒருத்தி புதியவளைத் தன் பக்கத்து நிரையில் நிறுத்திச் செய்துகாட்டும்போதுதான். ஏசுவதால் கை பழகாது. கண்டு செய்வதால் பழகும்.

இனி, ஊக்கம் எங்கிருந்து பிறக்கும்? முற்காலத்தில் கடனைக் காட்டி ஆளைக் கட்டிவைத்தனர். கடன் தொகை எழுதிய ‘துண்டு’ முறை 1921இல்தான் ஒழிந்தது. பெண்ணுக்கும் ஆணுக்கும் சமகூலி 1984இல்தான் கிடைத்தது. அச்சமும் ஓரவஞ்சனையும் ஆளை வேலைக்கு அனுப்பலாம். வேலையில் மனத்தை வைக்க அவற்றால் இயலாது.

இன்றும் தொழிலாளியின் மனம் நிறைவதும் முறிவதும் நிறுவைத் தராசின் முன்னேதான். சாக்கின் எடைக்கும் மழைநாளின் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கப்படுகிறது என்பதை வெளிப்படையாகச் சொன்னால் பூசல் இல்லை. மறைத்துக் கழித்து, ‘அரைப்பேர்’ என்று எழுதினால், மறுநாள் அவள் கை தரத்தை மறந்து எடையையே தேடும். 2021இல் நாட்கூலி 1,000 ரூபாயாக விதிக்கப்பட்டபோது, அதற்குப் பறிக்கவேண்டிய கிலோ எவ்வளவு என்பது பற்றியே பல தோட்டங்களில் தகராறு மூண்டதை நேயர்கள் அறிவர்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். அவர்களை மேற்பார்வை செய்யும் கங்காணிமாரோ பெரும்பாலும் ஆண்கள். கலை கைவந்தவளுக்குக் கற்பிக்கும் அதிகாரம் இல்லை. அதிகாரம் உடையவருக்கோ அக்கலையில் பழக்கம் குறைவு. முப்பது ஆண்டு கூடை சுமந்தவளும் முதல்நாள் வந்தவளும் ஒரே பெயரும் ஒரே கூலியுமாக நின்றால், இளையோர் எதனைக் கண்டு இத்தொழிலில் நிலைப்பர்? கொழும்புக் கடைகளை நாடி அவர்கள் லயங்களை விட்டுச் செல்வதில் வியப்பென்ன?

வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். தக்காரை ஆராய்ந்து, அவரிடம் வினையை ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. கைவந்தவளைக் கங்காணியாக்கி, தராசின் முள்ளை அவள் காணத் திருப்பி, கழிவுக்குக் காரணமும் கூறும் தோட்டத்தில் வேலையை மேற்பார்வை செய்யத் தனி ஆள் தேவைப்படாது. அவரவர் மனமே அங்கே கங்காணியாக நிற்கும்.