பெட்டையைப் பார்த்துப் பொலிகுதிரை

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பந்தயக் குதிரை வளர்ப்பைப் பற்றிப் பேசுங்க சார்" என்று சங்கச் செயலாளர் கேட்டார். மதுராந்தகத்தில் ஏரி உண்டு, நெல் உண்டு, ஏரி காத்த ராமர் உண்டு, குதிரை ஏதுய்யா என்றேன். "அதனாலதான் கேக்கிறோம்" என்றார். சரியான பதில்தான்!

நம் கடற்கரைக்குக் குதிரை புதிதல்ல. கப்பலில் வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, இங்கே உயர்ந்த ஆண் குதிரையை உயர்ந்த பெட்டையோடு சேர்த்தாலும் கால் கோணிய சவலைக் குட்டிதான் பிறக்கிறது என்று எழுதியிருக்கிறார். வியாபாரி அல்லவா, கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பார். ஆனால் புழுக்கமான ஊரில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோவது உண்மை. வியர்க்காத குதிரை ஓடினால் உடம்பு கொதித்துச் சுருண்டுவிடும். நாட்டின் பெயர்பெற்ற பண்ணைகள் புனே, குனிகல், ஹரியானா, பஞ்சாப் என்று கடலை விட்டுத் தள்ளி இருப்பதில் வியப்பில்லை.

தரோபிரெட் இனத்தின் தகப்பன் வழி முழுவதும், இங்கிலாந்துக்குக் கொண்டுபோன மூன்று கீழைநாட்டுக் குதிரைகளில் போய் முடிகிறது. 1791 முதல் வம்சப் பதிவேடு இருக்கிறது. நம் ஊர் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறோமே, அது இங்கே செல்லாது. ஊசியில் பிறந்த குட்டியைப் பதிவேட்டில் சேர்க்கமாட்டார்கள். பெட்டையை நேரில் கொண்டுபோய்த்தான் சேர்க்கவேண்டும். பெட்டை தயாரா என்று பார்க்க முதலில் டீசர் என்று ஒரு சாதாரணக் குதிரையைக் காட்டுவார்கள். ஆசை காட்டிவிட்டு அதை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், பாவம்!

சினைக்காலம் 11 மாதம். ஒரு பொலிகுதிரை ஒரே பருவத்தில் நூறு பெட்டைகளுக்கு மேல் சேரும். பெட்டைக்கு வருடத்துக்கு ஒரு குட்டிதான், அதுவும் தங்கினால். ஆகவே தேர்வு தப்பினால் நஷ்டம் பெட்டை வைத்திருப்பவனுக்கே. இரண்டு பெட்டைகள் வைத்திருக்கும் சிறிய பண்ணைக்காரர் கடன் வாங்கி, பேர் பெற்ற குதிரைக்குக் கட்டணம் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. முதலில் பெட்டையின் குறையை எழுதச் சொல்வேன். முன்னங்கால் வளைவா, அந்தக் குறை இல்லாத வம்சமாகப் பார். முரட்டுக் குணமா, சாதுவான தகப்பன். பெட்டை குறுந்தூரத்தில் மட்டும் ஓடியதா, நின்று ஓடும் ரத்தம் கொஞ்சம் சேர்.

இதற்கு இப்போது விஞ்ஞானத் துணையும் உண்டு. மயோஸ்டேட்டின் மரபணுவில் சி, டி என்று இரு வகை இருப்பதை அயர்லாந்து ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்டார்கள். இரண்டும் சி என்றால் குறுந்தூரம், இரண்டும் டி என்றால் நெடுந்தூரம், கலந்தால் நடுத்தரம். சி-சி பெட்டைக்கு டி-டி குதிரையைச் சேர்த்தால் குட்டி எல்லாம் கலப்புதான். ஆனால் தூரத்தைத்தான் அது சொல்லும். ஜெயிக்குமா என்று சொல்லாது.

பந்தயத்தில் தோற்றதை ஒதுக்கிவிடவும் கூடாது. ரஸீன் என்ற குதிரை 1990 எப்சம் டெர்பியில் முதல் எதிர்பார்ப்போடு இறங்கிப் பின்தங்கியது. ஆனால் தகப்பன் நார்தர்ன் டான்சர். ஹரியானாவின் உஷா பண்ணைக்கு வந்து, இந்தியாவின் முன்னணிப் பொலிகுதிரையாகப் பல வருடம் இருந்தது.

அதிலேயே இன்னொரு சிக்கல். அந்த நார்தர்ன் டான்சர் ரத்தம் உலகம் முழுக்கப் பரவி, இன்று பல குட்டிகளுக்குத் தாய்வழி, தகப்பன்வழி இரண்டிலும் வருகிறது. நம் வீடுகளில் அத்தை மகன், மாமன் மகள் கணக்குப் போடுகிறோமே, அதேதான். நெருங்கிய ரத்தத்தில் பிறந்தவை ஒரு பந்தயம்கூட ஓடாமல் போகும் வாய்ப்பு கூடுதல் என்றும் ஆய்வு சொல்கிறது. ஓடாத குட்டியும் தினமும் தின்னும். அதை யார் வைத்துக்கொள்வது? கட்டணம் கட்டுமுன் இதைக் கேட்கும் பண்ணைக்காரர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கால்நடை மருத்துவம் படிக்கப்போகும் பிள்ளைகள் கேளுங்கள்.

மற்றதைச் சாப்பாட்டுப் பந்தியில் பேசலாம்.