வடக்கன்குளம்: இரு கூடங்களின் சாட்சி

ஒரு கிராமத்து மாதா கோயிலின் உட்கலையைப் பேச வந்தால், பீடத்துச் சுரூபங்களையும் சம்மனசுகளையும் வண்ணக் கண்ணாடிகளையும் வரிசையாகச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவது நம் மேடை வழக்கம். நெல்லைச் சீமையின் தென்கோடியில் இருக்கும் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்துக்கு அது போதாது. அங்கே முதலில் பார்க்கவேண்டிய கலைப்படைப்பு கோயிலின் அமைப்புதான். 1872-இல் எழுந்த அந்தக் கோயிலில் மக்கள் நிற்கும் கூடம் ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் பீடத்தில் போய்ச் சேர்கின்றன. கால்சட்டைக் கோயில் என்று ஊரார் கேலியாகவே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு கூடம் வேளாளருக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும், மற்றது நாடார்களுக்கும். அன்று நடுவே சுவர். பூசையின்போது பீடம் இருதரப்புக்கும் தெரியும்; ஒரு தரப்பின் முகம் மறுதரப்புக்குத் தெரியாது. இயேசு, மரி, சூசை மூவரையும் ஒரே குடும்பமாக வைத்து வணங்கும் கோயில் இது. சிற்பியோ ஓவியரோ அல்ல, கொத்தனார் நூல்பிடித்துச் செய்த இந்த வேலைதான் அக்காலத்து ஊரை உள்ளபடி காட்டுகிறது என்பது என் வாதம்.

சிலுவை வடிவக் கோயில்களுக்கும் பக்கக் கைகள் உண்டே, இதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். சிலுவையின் கைகள் நடுவில் திறந்து ஒன்றையொன்று பார்க்கின்றன. இங்கே பிரிப்பதற்காகவே திட்டம் போட்டார்கள். சரி, அன்றைய சமூகத்தை மீறிக் குருக்களால் என்ன செய்திருக்க முடியும் என்பது அடுத்த கேள்வி. இது கனமான கேள்வி. மறுத்தால் சபையே காலியாகிவிடும் என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் புதுச்சேரியைப் பாருங்கள். அங்கும் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோரைப் பிரிக்கும் சுவர் இருந்தது. அவர்கள் முறையிட்டபின் அது இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில், கொஞ்சமும் மகிழாமல், எழுதிவைத்தார். ஆண்டு 1745. அதே ஆண்டில்தான் இதே வடக்கன்குளத்தில் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 2022-இல் அவரைப் புனிதராக அறிவித்தபோது ரோமாபுரி ‘பிள்ளை’ என்ற சாதிப்பெயரை விட்டுவிட்டுத்தான் அவரை அழைத்தது. ஆக, சுவரை இடிக்கும் வேறு வழி 1745-இலேயே இருந்தது. அது தெரிந்தும் நூற்றிருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு இந்தக் கூடங்களைக் கட்டினார்கள்.

1910-இல் அருட்தந்தை அட்ரியன் கௌசானல் நடுச்சுவரை அகற்றினார். அகற்றியது குற்றமென்று வேளாளர் தரப்பார் வழக்காடினார்கள். மதராஸ் உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். கிறிஸ்தவ ஆலயத்துக்குள் சாதித் தீட்டைச் சொல்லித் தனியிடம் கேட்பது சட்டத்தின்முன் நிற்கவில்லை. தீர்ப்போடு மனங்களும் மாறிவிட்டன என்று சொல்லும் அளவுக்கு நான் அப்பாவியல்ல.

பழைய அழுக்கை ஏன் கிளற வேண்டும், ஊருக்கு அவமானமல்லவா என்போரும் இருக்கிறார்கள். சுவரைக் கேட்டவரும் இந்த ஊரார், அதன் நிழலில் நின்று பொறுத்தவரும் இந்த ஊரார். மறைத்தால் பின்னவரின் வேதனையும் சேர்ந்தே மறையும். எனவே, நாளை திருப்பணி செய்ய நினைப்போர் இரு கூடங்களையும் சமப்படுத்தி அழகிய ஒரே மண்டபமாக்கிவிட வேண்டாம். சுவர் நின்ற கோட்டைத் தரையில் வேறு நிறக் கல்லால் பதித்து, எழுப்பிய ஆண்டையும் இடித்த ஆண்டையும் பக்கத்திலேயே வெட்டிவைக்கட்டும்.